நான்கு வருடம் வீட்டில் சும்மா இருந்தவர்கள்

1. முதல் நாள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடம் ப்ளேஸ்மென்ட் ஆபீசராக இருந்தேன். இப்போது ஓய்வு. அந்த மாதிரி நாற்காலியில் இனி உட்காரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் தாளாளர் என்னை என் அறைக்குக் கூட்டிப்போகவில்லை. வாசலுக்குக் கூட்டிப்போனார். சாலையைப் பார்த்து ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு இருந்தது. வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள், கீழே பெயர், படிப்பு, கம்பெனி.

"இதான் சார் உங்க வேலை," என்றார். "பஸ்ல போறவன் கம்பெனி பேரெல்லாம் படிக்க மாட்டான். எத்தனை மூஞ்சி இருக்குதுன்னு பாப்பான். வருஷா வருஷம் மூஞ்சி ஏறிக்கினே இருக்கணும்."

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா களை எடுக்கப் போவார். உள்ளே வர அவர்களுக்கு அரசு உதவித்தொகை இருந்தது. முடித்து வெளியே போவதற்கு நான் இருந்தேன்.

2. ஒரு கம்பெனி வந்தது

ஸ்டெல்லா முகையூர் பக்கத்துப் பெண். இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு; ஒரு அரியர்கூடக் கிடையாது. கேம்பஸுக்கு வந்த இரண்டு சாஃப்ட்வேர் கம்பெனிகளின் எழுத்துத் தேர்விலும் எங்கள் கல்லூரியில் முதலாவதாக வந்தார். இரண்டிலும் இங்கிலீஷில் பேசும் சுற்றில் தோற்று வெளியே வந்தார். கடைசி செமஸ்டர் முடியும்போது அவரிடம் வேலை இல்லை.

அந்த நேரத்தில்தான் மேன்பவர் ஏஜென்சிக்காரர் பிரபாகர் வந்தார். ஒரகடம் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனிக்கு லைன் ஆபரேட்டர்கள் வேண்டும் என்றார்.

"பி.இ. வேணாம் சார். பி.இ.ன்னா ஆறு மாசத்துல ஓடிடுவான். ஓடலைன்னா கேள்வி கேட்டு பேஜாரு பண்ணுவான். ப்ளஸ் டூ மட்டும்தான் எடுப்பாங்க."

"எங்கிட்ட இருக்கறதே பி.இ. பசங்கதானேப்பா."

"அவங்களும் ப்ளஸ் டூ பாஸ்தானே சார்," என்று சிரித்தார். "அந்த மார்க் ஷீட்ட மட்டும் எடுத்தாரச் சொல்லுங்க. ஜல்தி. வியாழக்கிழமை இன்டர்வியூ."

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போர்டுல போடலாம்ல?"

3. ஒத்திகை

பயோடேட்டாக்களை நானே கம்ப்யூட்டரில் திருத்தினேன். கல்வித்தகுதியில் கடைசி வரியை அழித்தால் போதும், ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ப்ளஸ் டூ முடித்து நான்கு வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும். செமினார் ஹாலில் வைத்து ஒத்திகை பார்த்தேன்.

"நாலு வருஷம் என்னாடா பண்ணே?"

"மாடு மேய்ச்சேன் சார்," என்றான் மெக்கானிக்கல் விக்னேஷ்.

"எத்தனை மாடு?"

"எட்டு சார். செமஸ்டருக்கு ஒண்ணு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, 'வீட்டில் சும்மா இருந்தேன்' என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்வது என்று முடிவானது.

கூட்டம் கலைந்த பிறகும் ஸ்டெல்லா போகவில்லை.

"சும்மா இருந்தேன்னு சொல்ல எனக்கு வரல சார். நாலு வருஷமா காலையில அஞ்சரை மணி பஸ்ஸுக்கு எங்கப்பா டார்ச் அடிச்சிக்கினு கூட வந்தாரு. அவரு காதுல வுழுந்தா என்னா நெனைப்பாரு?"

"இது ஒரு நாள் பேச்சும்மா. முதல்ல உள்ள போய்டு. உள்ள போய்ட்டா அப்பறம் பாத்துக்கலாம்."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. வியாழக்கிழமைக்கு இருபது பேர் தேவைப்பட்டார்கள், ஸ்டெல்லா இல்லாமல் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

இன்டர்வியூ அறையில் பிரபாகருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி ஆள் ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "நாலு வருஷம் என்னம்மா பண்ணிக்கினு இருந்த?"

"வீட்டுல சும்மா இருந்தேன் சார்."

"சும்மான்னா?"

"அம்மாகூட மல்லாட்டை ஆயப் போவேன்," என்றார். நிலக்கடலை பறிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

அவர் பாரத்தில் ஸ்டெல்லாவின் கையெழுத்தைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், டிக் அடித்தார். அந்த அறையில் உண்மை தெரியாதவர் யாரும் இல்லை.

மே மாதம் ஸ்டெல்லாவின் படம் வாசல் போர்டில் ஏறியது.

4. உள்ளே போன பிறகு

இரண்டரை வருடம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், டெஸ்டிங்ல ரெண்டு ஜூனியர் இன்ஜினியர் எடுக்கறாங்க. இ.சி.இ. கேக்கறாங்க. உள்ள வேலை செய்றவங்களும் அப்ளை பண்ணலாமாம். சர்க்யூட் போர்டு ஃபெயிலானா இப்பவே என்னைத்தான் கூப்பிடறாங்க சார். டீம் லீடரு, நீ படிச்சிருந்தா உன்னையே போட்டுடலாம்னு சொல்றாரு. நீங்க சொன்ன மாதிரி உள்ள வந்துட்டேன். இப்ப பாத்துக்கலாமா சார்?"

மறுநாள் ஒரகடம் போனேன். எச்.ஆர். மேலாளர் ஒரு பெண்மணி. மரியாதையாகப் பேசினார். யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் கேட்டேன். அவர் காலியான ஒரு ஜாயினிங் ஃபார்மை எடுத்து என் பக்கம் திருப்பினார். இதைவிடக் கூடுதலான கல்வித்தகுதி எனக்கு இல்லை என்று அதில் அச்சிட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல எல்லாருமே கையெழுத்து போட்டிருக்காங்க சார். இப்ப டிகிரிய காட்டினா தகவலை மறைச்சதா ஆகும், வேலை போயிடும். காட்டலைன்னா அவங்க ப்ளஸ் டூ. ப்ளஸ் டூவுக்கு இந்த போஸ்ட் கிடையாது."

"உங்க லைன்ல நிக்கறவங்கள்ல நிறைய பேர் டிகிரிதான்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியும் சார். ரெக்கார்டுல இல்ல." ஃபார்மைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சொல்லிக் குடுத்து அனுப்பனது நீங்கதானே?"

கேட் எதிரே டீக்கடையில் ஸ்டெல்லா நீல யூனிஃபார்மில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். இந்த வேலையை விட்டுவிட்டு, பட்டத்தைக் காட்டி வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன்.

"ரெசுமேல இந்த ரெண்டரை வருஷத்த என்னான்னு சார் போடறது?"

அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

"ஆபரேட்டர்னு போட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேப்பாங்க, இவங்க அதுல ப்ளஸ் டூன்னுதான் போட்டுக் குடுப்பாங்க. போடலைன்னா, இவ்ளோ நாளு வீட்டுல சும்மா இருந்தேன்னு சொல்லணும்." டீ கிளாஸை வைத்தார். "அது எனக்கு மனப்பாடம்தான் சார்."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அந்த இரண்டு இடத்துக்கும் வெளியிலிருந்து புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுத்தார்கள். ஒருவருக்கு முதல் மாதம் வேலை கற்றுக்கொடுத்தது ஸ்டெல்லா.

5. தெரிந்துகொண்டது

படிப்பை மறைக்கச் சொல்லும் கம்பெனியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அந்த வருடம் போர்டில் முகம் குறையும். தாளாளர் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். மாணவரின் தாளிலிருந்து ஒரு வரியை எடுப்பது சுலபம். திரும்பச் சேர்க்கப் போனால் எடுத்தவராலேயே அது முடியாது.

இதை நான் செய்து காட்டிவிட்டுச் சொல்லவில்லை. ஸ்டெல்லாவுக்கு முன்னும் பின்னுமாக நாற்பது பேருக்கு மேல் அந்த வரியை அழித்தேன். ஒருவர்கூட என்னைக் கண்டிக்கவில்லை. ஆண்டு விழா மேடையில் சால்வை போட்டார்கள்.

போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஃப்ளெக்ஸ் புதியது, ஸ்டெல்லாவின் படம் மட்டும் பழையது. சிரிப்பு நன்றாக இருக்கிறது என்று தாளாளர் அதை எடுக்க விடுவதில்லை. கீழே 'பி.இ., இ.சி.இ.' என்றும், அதற்கும் கீழே கம்பெனியின் பெயரும் போட்டிருந்தது. அவருடைய வேலையும் பட்டமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அதுதான்.