நான்காம் பாகத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பள்ளியில் படித்தபோது ஆயர் ஈத்தாம் பசார் என்னும் சந்தைக்கு எதிரே இருந்த கடையில் கப்பல் கேம் முதல் பாகத்தைப் பார்த்தேன். பெட்டியின்மேல் ஜப்பானிய எழுத்தில் ஏதோ பெயர் இருந்தது. பினாங்கில் எல்லோருக்கும் அது கப்பல் கேம்தான். பஸ் காசை அதில் போட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பிய நாள்கள் உண்டு.

2. இரண்டாம் பாகம் வந்தபோது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு நடுவிலும் போய் ஆடி முடித்தேன்.

3. மூன்றாம் பாகம் வந்த வருடம், சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு கேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

4. நான்காம் பாகம் வந்தது. எனக்கு ஆசை விட்டுப்போனது.

5. அதை முதலாளியிடம் சொன்னேன். வேலை போகும் நிலை வந்தது.

இனி விவரம்.

வேலைக்கு எடுத்த காரணம்

முதலாளி மெய்யப்பன் அண்ணன் வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் தொழில் வேண்டாமென்று கேம் கடை போட்டவர். நேர்முகத் தேர்வில் என் டிப்ளோமாவை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் பாகத்தை ஒரே காசில் முடிப்பேனா என்று கேட்டார். முடித்துக் காட்டினேன்.

"பொம்பளப் புள்ள இப்படி விளாடுறத எவன்லா பாத்திருக்கான்? நாளைக்கே வந்துரும்மா," என்றார்.

சனிக்கிழமைகளில் மெஷின் முன் நின்று ஆடுவதும், மற்ற நாள்களில் காசு மாற்றிக் கொடுப்பதும் என் வேலை. பழுது பார்க்க பட்டர்வொர்த்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு மெக்கானிக் வருவார். பின்னறையில் இருந்த பட்டறை மேசை அவருடையது. மற்ற நாள்களில் அது தூசி படிந்து கிடக்கும். எனக்கு அந்த மேசை வேண்டும். இரண்டு முறை கேட்டேன். "நீ பின்னால போய்ட்டா முன்னால யாரு நிப்பா?" என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது.

ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற என் யாழ்ப்பாணத்து அப்பாவும் வீட்டில் கேட்டபடி இருந்தார். "விளையாடவோ பிள்ளை டிப்ளோமா எடுத்தனீ?"

ஆசை விட்டுப்போனது

ஆசை ஒரே நாளில் போகவில்லை. மூன்றாம் பாகத்தை ஆடும்போதே என் கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போகத் தொடங்கியிருந்தன. எதிரிக் கப்பல் எங்கிருந்து வரும் என்பது கைக்குத் தெரியும். கண் படக்குழாயின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே சிவப்பு மட்டும் படத்தின் கோட்டைத் தாண்டி வெளியே கசியும். பின்பக்கம் திறந்து சரிசெய்தால் போதும் என்று தோன்றும். அந்த யோசனை ஓடும்போதே ஆட்டம் முடிந்து, சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று ஒரு கணம் விளங்காது.

நான்காம் பாகத்தின் போர்டு, அதாவது ஆட்டம் அடங்கிய மின்சுற்றுப் பலகை, வந்ததும் டெஸ்ட் மோடில் போட்டுப் பார்த்தேன். படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. நிறம் மாறியிருந்தது, பின்னணி அழகாக இருந்தது. கப்பல்களும் அவை வரும் பாதையும் பெரும்பாலும் பழையவைதான். அதற்காகக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எதுவுமே வரவில்லை. முதல் பாகத்துக்காக நடந்தே வீடு போன பெண் எனக்குத் தெரிந்த யாரோ ஒருத்திபோல இருந்தாள்.

நடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. நான்காம் பாகத்தைத் திறந்துவைக்கும் சனிக்கிழமை காலை மெய்யப்பன் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, இந்த கேம்ல எனக்கு ஆசை விட்டுப்போச்சு. இனிமே முன்னால நின்னு விளாட முடியாது. பழுது பாக்குற வேல குடுங்க, செய்றேன்."

"அலாமாக்! இன்னைக்கா சொல்லுவ? ஒன்ன எடுத்ததே இதுக்குத்தான்லா!" ஊதுவத்தியைக் கீழே வைத்தார். "இன்னைக்கி ஒரு நாளு சிரிச்ச மொகமா நின்னு விளாடு. நீ வேலையில இருக்கணுமா வேணாமான்னு திங்கக்கெழம பேசிக்கலாம்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு நாள்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

திறப்பு

எங்கள் கடையில் எந்தப் புது மெஷின் வந்தாலும் பூஜை உண்டு. தேங்காய், எலுமிச்சை, கற்பூரம், சந்தனம், குங்குமம் எல்லாம் தயாராக இருந்தன. வழக்கமாக மெய்யப்பன் அண்ணன் பெட்டியின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைப்பார். அன்று நான் பேசியதில் மனம் கலங்கியிருந்தாரோ என்னவோ, ஜாய்ஸ்டிக்குக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று எனத் தாராளமாகக் குழைத்து வைத்துக்கொண்டே போனார்.

கடை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பாலன் அண்ணன். கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், சனிக்கிழமை தவறாமல் பஸ்ஸும் ஃபெரியும் பிடித்து வந்துவிடுவார். என்னைத் தோற்கடிப்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது நடந்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் என் கப்பல் சுடுவதை நிறுத்திக்கொண்டது.

"என்னா தங்கச்சி, கப்பலு சாமியாராப் போயிருச்சா? யாரையும் சுட மாட்டேங்குது!" என்றார் பாலன் அண்ணன். கடையே சிரித்தது.

மெய்யப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. காலையில் சொன்னதை வைத்து நான் வேண்டுமென்றே தோற்கிறேன் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. கப்பல் வெடித்தது. கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "ஏம்மா இப்படிப் பண்ற?" என்றார்.

"நான் பண்ணலண்ணே. பட்டன் மேல வரல."

"போர்டு ரொசாக்கா, கெட்டுப்போச்சா? மெக்கானிக்கு செவ்வாக்கெழமதானே வருவாரு! கூட்டத்தப் போகச் சொல்லிரவா?"

எனக்குக் காரணம் அதற்குள் தெரிந்துவிட்டது. இந்த கேமில் ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. பட்டன் அழுந்தியபடியே இருந்தால் கப்பல் சுடாது. கட்டை விரலை எடுத்தபோது வரவேண்டிய 'டிக்' சத்தம் வரவில்லை. போர்டில் கோளாறே இல்லை. சந்தனம் பட்டனின் விளிம்பு வழியாக இறங்கி, காய்ந்து, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"பெட்டிச் சாவியக் குடுங்கண்ணே."

தயங்கினார். அந்தச் சாவியை மெக்கானிக் தவிர வேறு யாரிடமும் அவர் கொடுத்ததில்லை. கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்தார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கண்ட்ரோல் பேனலைத் தூக்கினேன். எல்லாப் பட்டன்களையும் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துச் சோதித்தேன்.

"பொட்ட அழிக்காதம்மா, நல்ல நாளு!"

"பெட்டி நெத்தியில ஒன்னு இருக்குல்லண்ணே, சாமிக்கு அது போதும்."

பாலன் அண்ணன் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "அடேங்கப்பா, உள்ள இவ்ளோ வயரா?" அவருக்கு எது எங்கே போகிறது என்று காட்டினேன். அப்படிக் காட்டும்போதுதான் கவனித்தேன், அன்று காலையிலிருந்து முதல்முறையாக நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பேனலை மூடி, பிளக்கைச் செருகினேன். எல்லோரும் நான் ஆடக் காத்திருந்தார்கள். நான் நகர்ந்து நின்றேன்.

"பாலன் அண்ணே, நீங்க விளாடுங்க."

"மொத ஆட்டம் ஒன்னோடதுலா! அதுதான வழக்கம்."

"எனக்கு ஆசை விட்டுப்போச்சுண்ணே. ஒங்களுக்கு இன்னும் இருக்கு."

ஏதோ சாவுச் செய்தி கேட்டவர்போல என்னைப் பார்த்தார். பிறகு கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் கத்தினார், திட்டினார், கெஞ்சினார். என்னைவிட மோசமாகத்தான் ஆடினார். ஆனால் ஒருவர்கூடக் கடையை விட்டுப் போகவில்லை. இவர் எப்போது சாவார் என்று பார்ப்பதில், நான் சாகவே மாட்டேன் என்று பார்ப்பதைவிட அவர்களுக்குச் சுவை அதிகம். நான் பக்கத்தில் இருந்த மூன்றாம் பாகத்துப் பெட்டியின் பின்கதவைத் திறந்து, சிவப்பு நிறத்தைக் கோட்டுக்குள் கொண்டுவந்தேன். திரும்பிப் பார்த்தபோது மெய்யப்பன் அண்ணன் மெஷினைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை

பேச்சு நீளவில்லை.

"பாலன் சனிக்கெழம வந்து விளாடட்டும். அவனுக்குத் தேத்தண்ணி இலவசம்," என்றார். "நீ அந்த மேசையத் தொடச்சுக்க. மெக்கானிக்குகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒன்னு, மெசின் நின்னுச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேண்ணே."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிடித்த ஒன்று பிடிக்காமல் போவது தவறல்ல, அதற்கு யாரையும் குறைசொல்லவும் தேவையில்லை. ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள், பெரும்பாலும் உங்கள் வேலை அங்கேதான் இருக்கும்.

இன்றைய நிலை: மெய்யப்பன் அண்ணனுக்கு இப்போது இரண்டு கடைகள். இரண்டிலும் பழுது பார்க்கும் பொறுப்பு என்னுடையது. என்னிடம் இரண்டு பெண்கள் வேலை பழகுகிறார்கள். ஐந்தாம் பாகம் போன மாதம் வந்தது. போர்டைச் சோதித்தேன், நிறம் சரிசெய்தேன், நன்றாக ஓடுகிறது. நான் ஆடிப் பார்க்கவில்லை.