அப்பா ஸ்தானத்தில் ஒரு கிட்டார்காரர்

அமெரிக்காவில் ஒரு முதியவர் இறந்துபோனதால் என் மகனுக்கு மொட்டை போடுவது நின்றுபோகப் பார்த்தது.

ப்ளூஸ் என்ற இசையில் அவர் பெரிய கிட்டார்காரராம். என் கணவர் காலேஜ் நாளிலிருந்து அவருடைய பக்தர். செய்தி தெரிந்ததும் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டிலேயே இசை அஞ்சலி செய்யப்போவதாக அறிவித்தார். விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பியின் மேல் இழுக்க வேண்டுமாம். அதற்காக நன்னாரி சர்பத் பாட்டிலின் கழுத்தை அறுத்தார். சில்லுகளை மூன்று முறை பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தேன். அப்புறமும் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

அவருடைய படத்துக்குக் கதம்ப மாலை, முன்னால் விளக்கு. போனில் வீடியோ பிடிக்கும் வேலை எனக்கு. பதினொரு நிமிடம், இடுப்பில் பிள்ளையோடு, அசையாமல் நின்றேன். எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி கிட்டார் முனகியது. நடுவே ஒரு பேச்சு வேறு. ப்ளூஸ் பிறந்த அங்கேயும் பருத்திக் காடு, இங்கேயும் பருத்திக் காடு, அந்த வலி தன் ரத்தத்திலும் ஓடுகிறது என்றார். பரளச்சியில் இருக்கும் எங்கள் காட்டில் பருத்தி எடுப்பது கூலிக்கு வரும் பெண்கள். இவர் செடிக்குள் இறங்கினால் முழங்கை தடித்துவிடும்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னைக்கு நான் எங்கப்பாவ எழந்துட்டேன்.”

அவருடைய அப்பா அடுத்த அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தை வெட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். துக்கமாம்.

வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் மொட்டை. பிள்ளைக்கு ஒரு வயதில் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தபோது நான் நேர்ந்துகொண்ட முடி அது. இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது. இப்போது மூன்று நடக்கிறது. அடுத்த மாதம் நான்கு பிறந்துவிடும். இரட்டைப்படை வயதில் எங்கள் பக்கம் மொட்டை போடமாட்டார்கள்.

புதன்கிழமை காலை, கணவரின் பெரியப்பா வந்தார். பங்காளிகளில் மூத்தவர், கோயில் காரியத்தில் அவர் சொல்வதுதான். முந்தின நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே வீடியோவுக்கு இதயப் படம் போட்டிருந்தவரும் அவர்தான்.

“அப்பான்னு வாயால சொல்லிட்டான், மாலை போட்டு வெளக்கும் ஏத்திட்டான். அப்பன் செத்தவன் ஒரு வருசத்துக்குச் சாமி காரியத்துல நிக்கலாமா?”

“அப்ப நான் யாருலே?” என்று மாமனார் மகனைப் பார்த்துக் கேட்டார்.

என் கணவர் கலையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

நான் இயற்பியலில் முதுகலை படித்தவள். சிரித்திருக்க வேண்டும். பிள்ளையின் கண்கள் மேலே செருகிய அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று பெரியவரிடம் நானே கேட்டேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் தாடையைத் தடவி, அங்கேயே ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கினார். அந்தக் கிட்டார்காரர் தனக்கு யாருமில்லை என்று என் கணவர் சாமிக்கு முன்னால் மூன்று தடவை சொன்னால் போதுமாம்.

கணவரிடம் எப்படிப் பேசிச் சம்மதிக்கவைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் மறுத்தால் என்ன சொல்வது, கோபித்துக்கொண்டால் என்ன சொல்வது என்று பதில்கள்கூடத் தயாராக இருந்தன. கேட்கும் தைரியம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

கோயிலில் மொட்டை போடுபவர் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை என் மடியில். பெரியவர் கண்ணைக் காட்டினார்.

“அவரு எனக்கு யாருமில்ல, யாருமில்ல, யாருமில்ல,” என்றார் என் கணவர், பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல. சொல்லி முடித்ததும் போனை எடுத்துப் பிள்ளையைப் படம் எடுக்கத் தோதான இடம் தேடினார்.

பதினொரு நிமிடம் அழுதவருக்கு மறுக்க ஒரு மூச்சு போதுமாக இருந்தது. தயங்கியிருந்தால் நான் பயந்து செத்திருப்பேன். தயங்காததால் அவரைப் பார்க்கவே கேவலமாக இருந்தது. அவர் அதைச் சொல்லிவிட வேண்டுமென்று இரண்டு நாள் தவித்தவளும் நான்தான்.

தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை அலறினான். அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.