படியில்லாத வாசல்

பாலக்காட்டில் மோட்டார் கார் விற்கும் கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கட்டடம் வெறும் வெள்ளைப் பெட்டி. தூண் இல்லை, பூவேலை இல்லை. கார் தடையின்றி உருண்டுவர வேண்டுமென்று வாசற்படிகூட இல்லை. காரைத் தவிர எதுவும் கண்ணில் படக்கூடாதென்று முதலாளிக்கு ஒரு பிடிவாதம்.

அதைக் கட்டிய, பக்கத்து ஊரான எலப்புள்ளியைச் சேர்ந்த கொத்தனாரே பிறகு அங்கே காவலுக்கு இருந்தார். வற்றிய உடம்பு, சுண்ணாம்பு அரித்த விரல்கள். நுழையும்போதெல்லாம், இல்லாத படியைத் தாண்டுவதுபோல் வலது காலை உயர்த்தி வைப்பார்.

"சமதரைதானே, எதுக்குக் காலைத் தூக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படி வெச்சு மஞ்சள் பூசாத எடத்துல ஆரும் நெலைக்க மாட்டாங்கன்னு சொன்னனுங்க. மொதலாளி கேக்கலீங்க. நானும் கட்டிப்போட்டனுங்க."

"உங்க வீட்ல படி இருக்கில்ல?"

"இருக்குதுங்க. மஞ்சள் பூசத்தான் ஆருமே மிஞ்சலீங்க."



வியாபாரம் படுத்தது, கம்பெனியை மூடினார்கள். கடைசிக் காரைத் தள்ளியபோது, ஒரு குலுக்கலும் இல்லாமல் அது தெருவுக்கு இறங்கிப் போயிற்று. கொத்தனார் வெற்றுக் கூடத்தில் நின்றிருந்தார். கதவைச் சாத்த வேண்டும், வாருங்கள் என்றேன். வாசலுக்கு வந்து காலைத் தூக்கினார். எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல அப்படியே நின்றார்.

அந்தக் கால் எப்போது தரையில் பட்டதென்று எனக்கு நினைவில்லை.