எல்லம்மாள் மிச்சம் பிடித்த காகிதம்

எல்லம்மாளுக்கு யாரிடமும் எதையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் திருப்பும்போது கோபுரமாகக் குவித்துக் கொடுப்பாள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்கினால் இரண்டு அண்டாவாவது கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். "கடன்னா உனக்குக் காய்ச்சலே வந்துடும்" என்பார் அவள் புருஷன் ராமகிருஷ்ணன். அவருக்கு அந்தக் காய்ச்சல் ஒருநாளும் வந்ததில்லை. அது வேறு கதை.

ஊர் இலந்தைக்குப்பம், திருவண்ணாமலையிலிருந்து போனால் கீழ்பென்னாத்தூருக்கு இந்தப் பக்கம். பத்தொன்பது வயதில் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, நாற்று நட்டு, மல்லாட்டைச் செடி பிடுங்கி, மகள் நந்தினியை நர்சிங் வரைக்கும் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தாயிற்று. ஐம்பதைத் தொடும் முன்பே இடுப்பு வயலுக்கு வர மாட்டேன் என்றது. திருவண்ணாமலையில் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். போர்வைகளை மெஷின் துவைக்கும். உதறிக் காயப்போட்டு மடித்து வைப்பது அவள் பொறுப்பு. பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் விடுதி மொட்டை மாடியில் நிற்கக்கூட இடமிருக்காது, அத்தனை போர்வை.

எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் காலை ஏழு பத்து டவுன் பஸ் ஒன்றுதான் கதி. அதை விட்டால் ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். கூலியே முந்நூறு.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்று அரசாங்கம் சொன்னபோது ஊரே சிரித்துக்கொண்டு ஏறியது. எல்லம்மாளுக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கண்டக்டர் ஜானி பாஷா பூஜ்யம் அடித்த டிக்கெட்டை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் பாய். சும்மா ஏத்திக்கினு போறதே ஜாஸ்தி. இதுல காயிதத்த வேற தெண்டம் பண்ணணுமா?"

"வாங்கிக்கணும்க்கா, ரூல்ஸு."

"ரூல்ஸு போட்டவங்க வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ போ."

ஜானி பாஷா போய்விட்டார். தேரடித் தெருவில் மூன்று தலைமுறையாக வளையல் விற்ற குடும்பம் அவருடையது. பெண்களிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வம்சத்திலேயே இல்லை. ஒரு வாரத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் டிக்கெட்டை மறுப்பதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். வாங்கியவளை மற்றவர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். நெரிசலில் எலுமிச்சம்பழம்கூட நுழையாத பஸ்ஸில், எல்லோரையும் தேடிப் போய் வேண்டாத டிக்கெட்டைத் திணிக்க எந்தக் கண்டக்டரால் முடியும்? இப்படியே நாலு வருஷம் ஓடிற்று.

அந்த ரூட்டில் செக்கிங் ஏறுவது அபூர்வம். போன மாதம் ஐந்தாம் தேதி கண்ணாயிரம் என்ற செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். டிக்கெட்டைக் கேட்டதும் எல்லம்மாள் முந்திக்கொண்டாள். நாலு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தாள்!

"நாங்க வாங்கறதில்லீங்க சார். கவர்மெண்டுக்குச் செலவு வெக்கக் கூடாது பாருங்க."

பாராட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஜானி பாஷாவின் கையிலிருந்த டிக்கெட் மெஷினை வாங்கிப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"இந்த ட்ரிப்புல தினம் பதினாலு பேர்தான் போறாங்கன்னு இதுல கீது. காலி பஸ்ஸ எதுக்கு ஓட்டணும்னு ஒண்ணாந்தேதிலேர்ந்து நிறுத்தப் போறாங்கம்மா."

"காலி பஸ்ஸா?" யாருடைய முழங்கையோ கன்னத்தில் அழுந்த, எல்லம்மாள் கேட்டாள்.

"நீங்க டிக்கெட் வாங்கினாத்தான் ஏறினீங்கன்னு மேல தெரியும். அந்தக் கணக்க வெச்சுத்தான் உங்க சார்பா கவர்மெண்ட் காசு கட்டுது. வாங்கலேன்னா நீங்க ஏறவே இல்ல."

"அப்போ நான் நாலு வருசமா வேலைக்குப் போனதே அவங்களுக்குத் தெரியாதா?"

கண்ணாயிரம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். ஜானி பாஷாவுக்கு ஒரு மெமோ உண்டென்றார். மாதம் முடிவதற்குள் ஆட்கள் மெஷினில் ஏறட்டும், கண்ணால் பார்த்ததைத் தானும் எழுதுகிறேன், முடிவு தன் கையில் இல்லை என்று சொல்லி இறங்கிப் போனார்.

அன்றைக்கு எல்லம்மாள் ஒரே போர்வையை மூன்று தடவை உதறினாள். மெமோ வாங்கிய ஜானி பாஷாவின் முகத்தை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஊரின் பஸ்ஸுக்கே உலை வைத்திருக்கிறாள். இனி நாற்பது ரூபாய் கொடுத்து யார் வேலைக்குப் போவார்கள்? அதே பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் எதிர்வீட்டுக் கவியாவைப் படித்தது போதும் என்று வீட்டில் நிறுத்திவிட மாட்டார்களா?

வீடு திரும்பியதும் விளக்கு வைக்கக்கூட நிற்காமல் வீடு வீடாக ஏறினாள். எல்லோரும் தலையாட்டினார்கள், அடுத்த தெரு ராஜம்மாளைத் தவிர.

"ஓசி டிக்கெட்ட கைநீட்டி வாங்க எனக்குக் கூச்சமா கீது. நீதான சொல்லிக் குடுத்த?"

"சொன்னேன்டி, புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். சோப்பு வாங்கறப்போ, எண்ண வாங்கறப்போ நீ வரி கட்டல? அதான் அந்த பஸ்ஸுல டீசலா ஓடுது. எல்லாரும் சேந்து போட்ட பந்திடி இது. பந்தியில குந்திக்கினு எல வேணாம்னா, பரிமாறுறவன் உன்னத் தாண்டித்தான் போவான்."

ராஜம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் மறுநாள் வரிசையில் நின்றாள். ஆமாம், வரிசைதான். பஸ்ஸுக்குள் டிக்கெட் வாங்க முடியாதென்று எல்லோரையும் ஸ்டாப்பிலேயே நிற்க வைத்து, படியேறும்போதே ஒவ்வொருவராக வாங்க வைத்தாள் எல்லம்மாள். "தீபத்துக்குக்கூட இவ்ளோ ஒழுங்கா நிக்க மாட்டாங்க" என்று டிரைவர் சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். விட்டுப்போன நாலு வருஷத்துக்கும் சேர்த்து அடித்துக் கொடு என்று அவள் கேட்டதுதான் உச்சம். ஜானி பாஷா கையெடுத்துக் கும்பிட்டார். "அது கள்ளக்கணக்குக்கா. மெமோவோட போச்சு, வேலையில கை வெக்காதீங்க."

மாதம் முடிந்தது. ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கே ஊரே திரண்டு ஸ்டாப்பில் நின்றது. ஏழு பத்து ஆயிற்று, பஸ் இல்லை. ஏழே கால். யாரும் எல்லம்மாளை எதுவும் கேட்கவில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கவியா புத்தகப் பையைத் தோள் மாற்றியபோது எல்லம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. 'நான்தான் கெடுத்தேன்' என்று வாய்விட்டே சொன்னாள்.

ஏழு இருபத்திரண்டுக்கு ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நின்றதும் நிற்காததுமாக ஜானி பாஷாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாய் இது? நான் செத்துப் பொழச்சேன்!"

"டயர் பஞ்சருக்கா. ட்ரிப்பு நிக்கல, நேத்து சாயங்காலமே டிப்போல சொல்லிட்டாங்க."

"நேத்தே தெரியுமா? ஒரு வார்த்த வந்து சொல்றதுக்கு இன்னா?"

"எதுல வர்றது? சாயங்காலத்துல உங்க ஊருக்கு பஸ்ஸு ஏது?"

எல்லம்மாள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஏறி, அப்படியே நின்றாள். வாஸ்தவம்தான். தினமும் அவர்கள் மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்துதான் வீடு சேருகிறார்கள். அதை ஒரு குறையென்று அவள் இதுவரை நினைத்ததில்லை. சும்மா கிடைப்பதையே வேண்டாம் என்றவள், இல்லாததை எங்கே கேட்பாள்?

"பாய், அஞ்சரைக்கு ஒரு ட்ரிப்பு வுடச் சொல்லி யாருக்கு எழுதணும்?"

பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸு. திங்கக்கெழம மனு வாங்குவாங்க" என்றார் ஜானி பாஷா.

"திங்கக்கெழம நான் லீவு. என்கூட யார் யார் வர்றீங்க?"

முதலில் கை தூக்கியவள் ராஜம்மாள்.