வரவுத் தாளில் ஒரு கையெழுத்து

விசிட்டிங் கார்டைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்த நாய்தான் நானும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். அரச கொள்கைகளை ஆராய்கிறவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி, அவர்களுடைய ஆய்வுகளை ஊருக்குக் காட்டுவதற்காக நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் என்ற வரிசை வீடுகளை ஆராய்ந்த யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவருக்கு லயம் லயமாக ஏறித் தகவல் எடுத்துக் கொடுத்தவன் நான். கூட்டத்தில் அவருக்கு ஒதுக்கிய காட்சிப் பலகையில் ராகலைப் பக்கத்து லயம் ஒன்றின் படத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தோம். பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"படம் மட்டும் காணாது தம்பி. அந்த வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

கூட்டிப்போனேன். கொழுந்து பறிக்கிற அக்கா. வேலையை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த வெடித்த சுவரோரம்தான் அவருடைய கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மழைக்கு முன்னால் குடியிருக்க வேறு காம்பரா, ஒரு அறையாவது, கிடைக்குமா என்று கேட்கத்தான் அக்கா வந்தார்.

யார் கேட்கவிட்டார்கள்? பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், கேக்கை மென்றபடியே "ஐயோ பாவம்" என்றார்கள், தங்களுக்குள் கார்டு மாற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சீ!

பிறகு வரவுத் தாள் சுற்றி வந்தது. எங்கள் லயங்களில் பேனாவோடு ஒரு தாள் கைமாறி வந்தால் அது மேலிடத்துக்குக் கோரிக்கை அனுப்புகிற பெட்டிசம்தான். வேறு எதற்கும் யாரும் எங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்ததில்லை. அக்கா நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

"இவ்வளவு பெரிய ஆளுங்கெல்லாம் நமக்காகக் கையெழுத்து வச்சிருக்காங்களா தம்பி?"

யார் யார் வந்தார்கள் என்று குறித்துவைக்கிற தாள் அது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் என்னிடம் கார்டை நீட்டினார். அடுத்த ஆய்வுக்கு ஆள் வேண்டுமாம். "ஆமாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, பல்லை இளித்துக்கொண்டு அந்த மனிதர் பின்னால் போனேன்.

மழை பிடித்தது. அதே போலச் சுவர் வெடித்திருந்த மேல் லயத்துக்காரர்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரையை மறித்துச் சத்தம் போட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குக் குடிபோனார்கள். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "நாங்க பெட்டிசம் போட்டுட்டோம். இப்பப் போயிக் கத்துனா, கையெழுத்து வச்ச பெரியவங்களுக்கு மரியாத இல்லங்க" என்று மறுத்துவிட்டாராம்.

ஒரு காலையில் சுவர் சரிந்தது. அக்கா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கணவரால் எழுந்து ஓட முடியவில்லை.

எழவு வீட்டுக்குப் போனேன். விரிவுரையாளர் வரவில்லை. விழுந்த சுவரைப் படமெடுத்து வரும்படி போனில் சொல்லியிருந்தார். தூ! கேமராவும் என் பையில்தான் இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அந்தத் தாள்ல கையெழுத்து வச்சவங்களுக்கெல்லாம் தகவல் சொல்லிட்டீங்களா தம்பி? நல்ல மனசுக்காரங்க. கேட்டா ரொம்ப வருத்தப்படுவாங்க."

"சொல்லியாச்சுங்க அக்கா" என்றேன்.