அப்பாவின் லேத்து நின்ற இடம்

போன மாதம் ஆபீஸில் சாப்பிடும்போது பக்கத்து சீட்டு நண்பர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “இது உங்க ஏரியாதானே?” என்றார். திருவொற்றியூரில் பூட்டிக் கிடக்கும் நட்டு போல்ட்டு கம்பெனி. கூரை ஓட்டை வழியே வெயில் கொட்டுகிற செட்டுக்குள் பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு ஒருவன் கிசுகிசுத்தான்: “ஃப்ரெண்ட்ஸ், இங்க யாரோ சூனியம் வெச்சிருக்காங்க. பாருங்க, காஞ்சுபோன சந்தனம், குங்குமம்...” டார்ச் ஒரு காங்கிரீட் மேடையில் நின்றது. நான் டிபன் டப்பாவை மூடினேன். அந்தப் பொட்டை வைத்தவர் என் அப்பா.

கோபம் ஆறட்டும் என்று எழுதாமல் இருந்தேன். ஆறவில்லை.

அப்பா அங்கே இரும்பு கடைகிற லேத்து மிஷின் ஓட்டினார். மற்ற நாளில் எங்களை கேட்டைத் தாண்டி விடமாட்டார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தோடு போகலாம். அவரவர் மிஷினை அவரவரே துடைத்து மாலை போடுவார்கள். அப்பாவின் கூட்டாளி காதர் பாய் பொட்டு வைக்கமாட்டார். ஆனால் அவர் மிஷின்தான் செட்டிலேயே பளபளக்கும். “இன்னா மாமு, ஒன் மிஷினு மூஞ்சி கழுவலியா?” என்று அப்பாவை வாருவார். எங்கள் வாயில் பொரி, மூக்கில் சாம்பிராணியும் கிரீஸும். இன்றைக்கும் கோயிலில் சாம்பிராணி போட்டால் கிரீஸ் எங்கே என்று தேடுகிற மூக்கு என்னுடையது.

அந்த லேத்து எங்களுடையது என்றே நம்பினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், தோரணைக்குக் குறைவில்லை. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டபோது, “ஒரு லேத்து கீது டீச்சர், கம்பெனில வுட்டு வெச்சிகீறோம்” என்றேன். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா சிரிக்கமாட்டார். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார் என்பது, கம்பெனியை மூடி மிஷின்களை லாரியில் ஏற்றிய அன்று தெரிந்தது. “மெதுவா ஏத்துங்கடா, அடிபட்டா அப்பால ஓடாது” என்று கத்தினார். லாரி போனது காயலான் கடைக்கு.

லேத்தைத் தாங்கிய மேடை மட்டும் மிஞ்சியது. வருடா வருடம் அப்பாவும் பாயும் இடிந்த பின்சுவர் வழியாகப் போய், அதைக் கழுவுவார்கள்; அப்பா பொட்டு வைப்பார். யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத முதலாளிகள், வீடியோ வந்ததும் அந்தச் சுவரை எழுப்பிக் காவலுக்கு ஆள் போட்டார்கள். வீடியோக்காரனுக்கு எழுதினேன்: அது சூனியம் இல்லை, ஆயுத பூஜை, வைத்தவர் என் அப்பா. உடனே பதில் வந்தது: “செம ப்ரோ! அப்பாவ வெச்சே பார்ட் டூ பண்ணலாமா?”

நேற்று ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு அப்பாவும் பாயும் கிளம்ப, நானும் போனேன். காவல்காரர் கேட்டில் மறித்து அப்பாவைக் கேட்டார்.

“பெர்சு, மந்திரம் போடற கோஷ்டியா நீ?”

“பொட்டு வெக்கணும்பா. உள்ள எம் மிஷினு கீது.”

“உள்ள ஒண்ணும் இல்ல. பேய்தான் கீதாம், போன்ல பாக்கல?”

“அந்தப் பேயே நாந்தான்டா. கேட்ட தொற.”

பாய் சிரித்தார். காவல்காரரும் சிரித்துவிட்டார். ஆனால் திறக்கவில்லை. “வுட்டா எம் பொழப்பு பூடும் நைனா.” அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முதலாளியின் போன் நம்பரைக் கேட்டேன். “எனக்கே தெரியாது சார்” என்றார். அங்கேயே உழைத்தவர் பெர்சு, இஸ்திரி போட்ட என் சட்டைக்கு சார்.

“வுடு மாமு, இந்த செவுத்துல ஒரு பொட்டு வெச்சிட்டு வா” என்றார் பாய்.

“அவன் செவுத்துக்கு நான் இன்னாத்துக்கு வெக்கணும்?” அப்பா கிண்ணத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.

மிஷின் போய், கூரை போய், சம்பளம் போன பிறகும் வருடத்தில் ஒரு நாள் அந்தச் செட்டுக்குள் ஒரு தொழிலாளி நின்றுகொண்டிருந்தார். இனி நிற்கமாட்டார்.