நாற்காலியை விட்டு எழாதவர்

ராஜபாளையத்தில் என் மனைவியின் காலில் ரத்த ஓட்டம் பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர் இஸ்திரி கலையாத சட்டைக்காரர். சுழல் நாற்காலியை விட்டு எழவே மாட்டார். வருகிறவர்களையெல்லாம் படுக்கவைத்துத்தான் பார்ப்பார்.

“நின்னாத்தான் சார் நரம்பு புடைக்குது. மில்லுல நாள் பூரா நிக்கேன்” என்றாள் அவள்.

“நீ நின்னா நான் குனியணும்லா? படும்மா.”

படுத்ததும் புடைப்பு வடிந்தது. ‘நார்மல்’ என்று எழுதிவிட்டார்.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டர் அவளை நிற்கவைத்து, தான் தரையில் உட்கார்ந்து பார்த்தார். மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே திரும்புவது திரையில் தெரிந்தது.

அந்த ரிப்போர்ட்டை ராஜபாளையத்துக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

“அவிய நிக்க வச்சுப் பாத்திருப்பாவ. நின்னா தெரியத்தானே செய்யும்?” என்று நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

தொழில் தெரியாத ஆள் என்று அதுவரை அவரை மன்னித்து வைத்திருந்தேன்.